வேடியப்பன் கையில எந்த அம்பு?

உங்க காலேஜ்லயோ ஆபீஸ்லயோ வேடியப்பன்னு பேர் உள்ள யாராவது இருக்காங்களா? இருந்தா சொந்த ஊர் எதுன்னு கேட்டுப் பாருங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, இந்த மூணுல ஒண்ணைச் சொல்றதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. வேடியப்பன் அந்தப் பக்கத்து ஊர்ச்சாமி. பல குடும்பங்களுக்குக் குலசாமி. பெரிய கோபுரமெல்லாம் தேட வேண்டாம். ஏரிக்கரையில ஒரு மரம், மரத்தடியில மஞ்சள் பூசின ஒரு பலகைக்கல். பல ஊர்ல அதுதான் கோயில்.

அரூர் பக்கம் அப்படி ஒரு கல்லைப் பார்க்கப் போயிருந்தேன். எண்ணெய் ஊத்தி ஊத்திக் கறுப்பாயிருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தா கல்லுல ஒரு ஆள் நிக்கிறார். ஒரு கையில வில். மேல சில வரி எழுத்து. ஆனா நம்ம இன்னைக்கு எழுதற தமிழ் எழுத்து இல்ல. பக்கத்துல ஆடு மேய்ச்சிட்டிருந்த ஒரு பாட்டிகிட்ட கேட்டேன்.

"இது என்ன சாமி பாட்டி?"

"வேடியப்பன் தம்பி. வேட்டைக்குப் போன சாமி."

நான் படிச்ச கொஞ்சத்தை வெச்சுக்கிட்டு, "இந்த மாதிரிக் கல்லுல எல்லாம் மாட்டைக் காப்பாத்தப் போய்ச் செத்தவங்கன்னு எழுதியிருக்குமே பாட்டி" அப்படின்னேன்.

பாட்டி சிரிச்சாங்க. "எழுதுனத யாரு கண்டா? கையில வில்லு இருக்குதில்ல. வில்லு வெச்சிருக்கறவன் வேட்டக்காரன்தானே."

இன்னைக்கு எபிசோடே இந்த ஒரு பதில்ல இருந்துதான். கல்வெட்டு ஒண்ணு சொல்லுது, ஊர் ஒண்ணு சொல்லுது. ரெண்டுல எது சரி? வரலாற்றுப் புத்தகத்தை எடுக்கறதுக்கு முன்னாடி, நான் அம்புல இருந்து ஆரம்பிக்கப் போறேன்.

முதல்ல, கல்லுல என்னதான் எழுதியிருக்கு?

இந்தக் கல்லுக்குப் பேர் நடுகல். சண்டையில செத்தவருக்காக நட்ட கல். தொல்காப்பியமே இதுக்கு ஒரு வரிசை சொல்லுது: கல்லைத் தேடிப் பார்க்கறது, எடுத்துட்டு வர்றது, நீராட்டறது, நடறது, படையல் போடறது, வாழ்த்தறது.

தருமபுரி, செங்கம் வட்டாரம் நடுகல்லுக்குப் பேர் போன இடம். 1972-ல தமிழ்நாடு தொல்லியல் துறை, நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியரா வெச்சு, 'செங்கம் நடுகற்கள்'னு ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. 1975-ல தருமபுரி கல்வெட்டுகளோட முதல் தொகுதி வந்தது. அதுல பல கற்கள் பல்லவர் காலத்தவை, அதாவது கிட்டத்தட்ட 1,300, 1,400 வருஷத்துக்கு முந்தியவை. எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து.

வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சுல இருக்கும். எந்த ராஜாவோட எத்தனையாவது ஆட்சி வருஷம், யாரோட ஆள், எந்த ஊர்ல நடந்தது, அப்புறம் என்ன ஆச்சு. அந்தக் கடைசி இடத்துல திரும்பத் திரும்ப வர்ற சொல் 'தொறு'. தொறுன்னா மாட்டு மந்தை. 'தொறு மீட்டுப் பட்டான்'னா, ஓட்டிட்டுப் போன மந்தையை மீட்டுக் கொடுத்துட்டுச் செத்துப்போனான்னு அர்த்தம். பட்டான்னா இறந்தான்.

செங்கம் பக்கத்துல எடுத்தனூர்ங்கற ஊர்ல ஒரு கல் இருக்கு. முதலாம் மகேந்திரவர்மனோட 34-ஆவது ஆட்சி வருஷம். அதுல வீரன் பக்கத்துல அவனோட நாயும் நிக்குது. நாய்க்குப் பேரும் எழுதியிருக்காங்க: கோவிவன். திருடங்க ரெண்டு பேரைக் கடிச்சதுன்னு ஒரு நாய்க்கு ஏழாம் நூற்றாண்டுல கல்வெட்டு!

அப்போ பாட்டி சொன்னது தப்பா? எழுத்துப்படி பார்த்தா பல கற்கள்ல வேட்டையே இல்ல, மாட்டுச் சண்டைதான். இப்ப அம்புக்கு வருவோம்.

வில் ஒண்ணு, அம்பு பல

அமெரிக்காவுல இருக்கிற என் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு வில் வேட்டை பழக்கம் உண்டு. அங்க பல மாநிலங்கள்ல இலையுதிர்காலத்துல வில்லுக்குன்னே தனி சீசன் விடறாங்க. சீசனுக்கு முன்னாடி வாரக்கணக்கா அவன் அம்பைத்தான் நோண்டிட்டிருப்பான். "ஏன்டா, வில்லுதானே முக்கியம்?"னு கேட்டேன். "வில்லு வாங்கியாச்சுன்னா முடிஞ்சுது. எந்த மிருகம், எவ்ளோ தூரம், எந்தத் தலை, இதெல்லாம் அம்புலதான்டா இருக்கு" அப்படின்னான்.

அவன் சொன்னதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது மூணு விஷயம்.

முதல் விஷயம், தண்டோட விறைப்பு. நாணை விட்ட நொடியில அம்பு நேரா கிளம்பறதில்ல. பின்னாடியிருந்து தள்ளற வேகத்துல அது மீன் மாதிரி வளைஞ்சு, நெளிஞ்சு, வில்லைச் சுத்திக்கிட்டுத்தான் வெளியே வருது, அப்புறம்தான் நேராகுது. ரொம்ப விறைப்பா இருந்தா ஒரு பக்கம் போகும், ரொம்ப இளசா இருந்தா இன்னொரு பக்கம் போகும். அதனால ஒருத்தர் வில்லுக்குப் பொருந்தற அம்பு இன்னொருத்தர் வில்லுக்கும் பொருந்தணும்னு இல்ல. இன்னைக்கு ஃபேக்டரி அம்புல இதுக்கு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. மூங்கிலையோ மரக்குச்சியையோ சீவி அம்பு செஞ்சவனுக்கு நம்பர் ஏது? கையால வளைச்சுப் பார்த்து, கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பார்த்து, எய்து பார்த்துத்தான் பொறுக்கணும்.

ரெண்டாவது, எடை. லேசான அம்பு வேகமா, நேர்கோட்டுல பறக்கும். கனமான அம்பு சீக்கிரமே கீழ இறங்கும், ஆனா பட்ட இடத்துல ஆழமாப் போகும். பெரிய மிருகத்துக்குக் கனம் வேணும். அதுக்கு விலை, நீங்க கிட்டப் போயாகணும். அங்க வில் வேட்டைக்காரங்க பெரும்பாலும் 20, 30 மீட்டருக்குள்ள வர்ற வரைக்கும் மூச்சை அடக்கிக்கிட்டுக் காத்திருக்கறது இதனாலதான்.

மூணாவது, தலை. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலயும் கொல்லும். அம்பு அறுத்துத்தான் கொல்லும், ரத்தப்போக்கால. அதனால வேட்டை அம்போட தலை அகலமா, சவரக்கத்தி மாதிரி கூரா இருக்கணும். அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல தலை குறைஞ்சது 7/8 அங்குலம், அதாவது 22 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு சட்டமே இருக்கு. மழுங்கின அம்பு பட்டா மிருகம் உடனே சாகாது, காயத்தோட ஓடிப்போய் எங்கேயோ நாள்கணக்கா வலியில கிடக்கும். பறவைக்கு இது நேர் எதிர். உலகத்துல பல இடங்கள்ல பறவைக்குக் கூர் இல்லாத மொட்டை அம்பு வெச்சிருந்தாங்க, தோகையும் கறியும் கிழியாம இருக்கறதுக்கு.

அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு மனசுல நின்னது. எய்து முடிச்ச உடனே மிருகத்துக்குப் பின்னாடி ஓடமாட்டாங்களாம். முதல்ல அம்பைத் தேடுவாங்க. அம்புல இருக்கிற ரத்தம் நுரையோட இளஞ்சிவப்பா இருந்தா நுரையீரல்ல பட்டிருக்கு. கருஞ்சிவப்பா இருந்தா ஈரல். பச்சையா, நாத்தத்தோட இருந்தா குடல், அப்போ மணிக்கணக்கா காத்திருந்துட்டுத்தான் தேடிப் போகணும். ஆக, வேட்டைக்காரனுக்கு அம்பு ஆயுதம் மட்டுமில்ல, சாட்சி. அது திரும்பிக் கைக்கு வரணும்.

நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

தெரிஞ்சிருக்கு. எங்க தேடணும்னா, சங்கப் பாட்டுல. பெரும்பாணாற்றுப்படையில எயினர்னு வேட்டைச் சமூகத்தோட வீடுகள் வருது. அங்க பந்தல்ல அம்புக் கட்டு தொங்குது. பார்க்கறதுக்கு மலையில தொங்கற தேன்கூடு மாதிரி இருக்குன்னு புலவர் சொல்றார். அம்போட வால் முனை கவட்டை மாதிரி பிளந்திருக்குங்கறதையும் விடாம சொல்றார். நாண் உட்கார்றதுக்கான பிளவு அது. அந்த அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கார்.

அகநானூத்தோட முதல் பாட்டுலயே காரோடன் வர்றான். ஆயுதத்துக்குக் கூர் ஏத்தற சாணைக்கல்லைச் செய்யறவன். அரக்கு மாதிரி ஒரு பிசினோட சேர்த்து அந்தக் கல்லைச் செய்யறதை, பிரிய மாட்டோம்னு காதலன் சொன்ன வாக்குக்கு உவமையா சொல்றாங்க. காதல் பாட்டுல உவமையா வருதுன்னா, கேட்கறவங்க எல்லாருக்கும் அது பழகின காட்சியா இருந்திருக்கணும்.

அப்புறம் வல்வில் ஓரி. கொல்லிமலைத் தலைவன். வன்பரணர் புறநானூத்துல அவனைப் பத்திப் பாடினது உங்கள்ல சிலருக்கு ஸ்கூல்லயே அறிமுகமாயிருக்கும். ஒரே அம்பு யானையைத் துளைச்சு, புலியைத் துளைச்சு, மானைத் துளைச்சு, பன்னியைத் துளைச்சு, கடைசியா புத்துல இருந்த உடும்புல போய் நின்னதுன்னு பாட்டு. நடக்கற காரியமான்னு நாம சிரிப்போம். நடக்காதுதான். ஆனா எதைப் பெருமையா சொல்றாங்கன்னு கவனிங்க. குறி தப்பாததை மட்டும் சொல்லல, எவ்ளோ ஆழமாப் போச்சுங்கறதைச் சொல்றாங்க. என் ஃப்ரெண்ட் மெனக்கெடறதும் அதே ஆழத்துக்குத்தான்.

சரி, இதெல்லாம் பாட்டு. மண்ணுல என்ன இருக்கு? இங்கதான் சிக்கல். மூங்கில் மக்கிப்போகும், இறகு மக்கிப்போகும், நரம்பு மக்கிப்போகும். மிஞ்சறது இரும்புத் தலை மட்டும். தமிழ்நாட்டுல ஆதிச்சநல்லூர்ல இருந்து பல ஈமக்காடுகள்ல இரும்பு அம்புமுனை கிடைச்சிருக்கு. இந்த வட்டாரத்துல இரும்புக்குப் பஞ்சமே இல்ல. அரூர் பக்கத்துல இருக்கிற தீர்த்தமலையில இரும்புத் தாது உண்டு. 2004 வரைக்கும் தருமபுரி மாவட்டத்தோட இருந்த கிருஷ்ணகிரியில மயிலாடும்பாறைன்னு ஒரு இடம். அங்க கிடைச்ச இரும்போட காலம் கி.மு. 2172-ன்னு 2022-ல சட்டமன்றத்துலயே அறிவிச்சாங்க.

ஆனா தாது இருக்குங்கறதால இரும்பு மலிவுன்னு ஆயிடாது. தாதை உடைக்கணும், கரி சுடணும், துருத்தி ஊதணும், மணிக்கணக்கா அடிக்கணும். தகடூரை, அதாவது இன்னைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமான்கிட்டத் தூது போன கதை தெரியுமில்ல? தொண்டைமானோட வேலெல்லாம் நெய் பூசி, மயிற்பீலி சுத்தி மாளிகையில பத்திரமா இருக்கு. அதியமானோட வேலெல்லாம் குத்திக் குத்தி முனை முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு. அதியமானைக் குறை சொல்ற மாதிரிச் சொல்லி, எவன் சண்டை தெரிஞ்சவன்னு அவர் காட்டின நக்கலைத்தான் நாம ரசிக்கறோம். நான் பார்க்கறது அந்தப் பட்டறையை. முறிஞ்ச இரும்பைத் தூக்கிப் போடல, திரும்ப அடிச்சுச் சரி பண்றாங்க. வேலுக்கே இப்படின்னா, எய்தா கையை விட்டுப் போற அம்புக்கு? அதைத் தேடி எடுத்தே ஆகணும்.

மாட்டுச் சண்டைக்கு எந்த அம்பு?

இப்ப நடுகல்லுக்குத் திரும்புவோம். தருமபுரி டவுன்ல தொல்லியல் துறையோட அகழ்வைப்பகம் இருக்கு. அங்க நடுகற்களை வரிசையா வெச்சிருக்காங்க. ஒருநாள் காலையில அங்க தனியா நின்னு பார்த்தேன். இந்த வட்டாரத்துக் கற்கள்ல பலதுல வீரன் இடது கையில வில் பிடிச்சிருக்கான். வலது கையில அம்பு இருக்கும்னு எதிர்பார்ப்போம். இல்ல. குறுவாள். சில கற்கள்ல அவன் உடம்புலயே அம்பு குத்தியிருக்கு, மார்புல, தொடையில. வில் அவனோடது. அம்பு எதிரியோடது.

எனக்கு அது ஒரு சினிமா ஃப்ரேம் மாதிரி தெரிஞ்சது. இது என் யூகம்தான், ஆனா யோசிச்சுப் பாருங்க. வில் இன்னும் கையில இருக்கு, எய்யறதுக்கு அம்பு இல்ல, இல்லன்னா எய்யறதுக்கு நேரம் இல்ல. ஆள் கிட்ட வந்துட்டான். குறுவாளை உருவியாச்சு.

ஏன் இவ்ளோ கிட்ட? மாட்டுச் சண்டையோட இயல்பே அப்படி. வர்றவன் மந்தையைத் திருட வர்றான். மீட்கப் போறவன் மந்தையைத் திரும்ப ஓட்டிட்டு வரப் போறான். ரெண்டு பேருக்கும் மாடு உயிரோட வேணும். தூரத்துல நின்னு கண்ணை மூடிக்கிட்டு அம்பு மழை பொழிஞ்சா மாடுதான் சாகும், வந்த வேலையே வீண். அதனால தடம் பார்த்துப் பின்னாடி போகணும், காத்தோட திசை பார்க்கணும், புதர்ல பதுங்கணும், கிட்டப் போய் ஒரு ஆளைப் பார்த்து ஒரு அம்பு விடணும். இதுக்குப் பேர் என்ன? வேட்டை!

இந்தச் சண்டைக்குப் போனவங்க எல்லாரும் ராஜா சம்பளம் கொடுத்து வெச்சிருந்த படை இல்ல. கல்வெட்டுல ஒரு தலைவனோட சேவகன்னு சிலரைச் சொல்றாங்க, சரி. ஆனா ஊரோட மாடு போச்சுன்னு கேட்டதும் ஓடினவன், வீட்டுப் பந்தல்ல எந்த அம்புக்கட்டு தொங்கிச்சோ அதைத்தானே எடுத்துட்டு ஓடியிருப்பான்? நேத்து வரைக்கும் மானுக்கும் பன்னிக்கும் பொறுக்கி வெச்ச அம்பு அது. அதோட விறைப்பு அவனோட வில்லுக்குப் பொருந்தும், எவ்ளோ தூரத்துல எவ்ளோ இறங்கும்னு அவன் கைக்குத் தெரியும். ஒரே ஒரு வித்தியாசம். வேட்டையில அம்பு திரும்பி வரும். இங்க வராது. எதிரி உடம்புல நின்னுடும், இல்லன்னா ஓடற அவசரத்துல காட்டுலயே போயிடும். கல்லுல நாம பார்க்கற அம்பு அதுதான், எய்தவன் திரும்பி வந்து எடுக்காத அம்பு. எய்தவன் யாருன்னு கல்வெட்டு சொல்றதில்ல. வாங்கினவனுக்குத்தான் கல்.

பாட்டி சொன்னது

அப்போ கேள்விக்கு வருவோம். மாட்டுக்காகச் செத்தவனை ஊர் ஏன் வேட்டைக்காரன்னு கும்பிடுது?

நான் நினைக்கறது இதுதான். வட்டெழுத்து காலப்போக்குல வழக்கொழிஞ்சு போச்சு. ஊர்ல அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம போயிட்டாங்க. ராஜா பேர், வருஷம், தலைவன் பேர், அந்த வீரனோட சொந்தப் பேர், எல்லாம் கண்ணு முன்னாடியே இருந்தும் காணாம போச்சு. படம் மட்டும் மிச்சம். படத்துல வில். காடு பக்கத்துலயே இருக்கிற ஊர்ல வில் வெச்சிருக்கறவன் யாரு? வேடன். வேடன், வேட்டைங்கற சொல்லோடதான் வேடியப்பன்ங்கற பேரையும் சேர்த்து விளக்கம் சொல்றாங்க.

வேடன்னா இந்த ஊர்ல தாழ்வான சொல்லும் இல்ல. தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கற ஊர்கள் நிறைய. அர்ச்சுனன் தபசுல சிவபெருமானே வேடனா வர்றார். அர்ச்சுனனும் வேடனும் ஒரே பன்னி மேல அம்பு விடறாங்க. பன்னி என் அம்புல செத்தது, இல்ல என் அம்புலன்னு தகராறு. கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடக்கற சண்டையே யார் அம்புங்கறதுல ஆரம்பிக்குது. வேட்டைக்காரங்க இருந்த சமூகத்துலதான் இந்தத் தகராறு இவ்ளோ இயல்பா புரியும்.

அதனால பாட்டி சொன்னது தப்புன்னு என்னால சொல்ல முடியல. எழுத்து அவனோட கடைசி நாளைச் சொல்லுது. பாட்டி அதுக்கு முந்தின நாளெல்லாம் அவன் என்னவா இருந்திருப்பான்னு சொல்றாங்க. மந்தையை மீட்கற திறமை அவனுக்குக் காட்டுலதான் வந்திருக்கணும்.

இன்னைக்கு

நம்ம ஊர்ல இப்ப வேட்டை சீசன்னு ஒண்ணு கிடையாது. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் வாங்கி வேட்டையாடற வழியும் மூடிப்போச்சு. 2014-ல காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், 2022-ல காவிரி தெற்கு சரணாலயம்னு கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகள்ல பெரிய பகுதி பாதுகாப்புக்குள்ள வந்திருக்கு. அது சரியான முடிவுன்னுதான் நான் நினைக்கறேன். அந்தக் காட்டுல மிச்சம் இருக்கிற யானைக்கும் மானுக்கும் அது தேவை.

வேட்டை போனாலும் அம்பு முழுசாப் போகல. விஜயதசமி அன்னைக்குத் தமிழ்நாட்டுல பல கோயில்கள்ல சாமி புறப்பட்டுப் போய் அம்பு போடற சடங்கு நடக்குது. பாரிவேட்டைன்னு சொல்வாங்க. அடுத்த தடவை பார்த்தா, ஏதோ சம்பிரதாயம்னு கடந்து போகாம, அந்த அம்பைக் கொஞ்சம் கவனிங்க.

போயிடக்கூடாததும் ஒண்ணு இருக்கு. அகழ்வைப்பகத்துக்கு வந்து சேர்ந்த கல் கொஞ்சம்தான். மீதி வயல் வரப்புலயும் ஏரிக்கரையிலயும் புதருக்குள்ளயும் நிக்குது. சாமியா கும்பிடற கல்லுக்கு ஊரே காவல். யாரும் கும்பிடாத கல்லுக்கு யாரும் இல்ல. ரோடு போடறப்பவோ பிளாட் போடறப்பவோ அது வெறும் பலகைக்கல். துணி துவைக்க நல்லா இருக்கும்.

அதனால ஒரு சின்ன வேலை கொடுக்கறேன். ஒகேனக்கல் ட்ரிப் போறீங்க, தீர்த்தமலை போறீங்க, வழியில அப்படி ஒரு கல் கண்ணுல பட்டா வண்டியை நிறுத்துங்க. சாமின்னா செருப்பைக் கழட்டிட்டு, ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு, ஒரு போட்டோ எடுங்க. நகர்த்தாதீங்க, சுரண்டாதீங்க, எழுத்து மேல சாக்பீஸ் போடாதீங்க. இடத்தைக் குறிச்சு தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்க. கையில என்ன இருக்கு, உடம்புல எத்தனை அம்பு இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

அப்புறம் உங்க ஆபீஸ் வேடியப்பன்கிட்ட இந்த எபிசோடை அனுப்பி, அவங்க குலசாமிக் கல்லுல எழுத்து இருக்கான்னு கேளுங்க. இருந்தா, அந்த வீரனோட பேர் இன்னும் அங்கயேதான் இருக்கு, படிக்க ஆள் வந்தா போதும்.